ஒரு சைஸ் பெரிய சப்பாத்து

உன் மனைவி நேற்றுக் காலை கிள்ளானில் என் சப்பாத்துக் கடைக்கு வந்து, உன் கடல் சப்பாத்தைப் பையோடு மேசைமேல் வைத்தார். "வீட்டுல இருந்தா அதையே பார்த்துக்கிட்டு இருக்கேன், அண்ணே" என்றார். பையைத் திறந்தேன். ரப்பரும் உப்பும் கலந்த வாடை. உன் காரில் ஏறும்போதெல்லாம் அடித்த அதே வாடை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கோயில் கமிட்டியில் சேருவார்கள். நீ போர்ட்டிக்சன் கடலில் பாய் கட்டிய பலகைமேல் ஏறி நின்றாய். விண்ட்சர்ஃபிங் என்று நீ சொன்னபோது பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக்கடையில் சிரிக்காத ஆள் இல்லை. நானும்தான்.

பிறகு இனிப்புநீர் வந்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறி, உள்ளங்கால் மரத்துப்போனது. சிப்பி ஒட்டிய பாறை கிழித்தது, வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகே உனக்குத் தெரிந்தது. இன்னொரு காயம் பட்டால் பாதமே போகலாம் என்றார் டாக்டர். பலகையை விற்கச் சொன்னார் உன் மனைவி. நீ அவரையும் இழுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாய்.

"ஒரு சைஸ் பெருசா குடுடா."

எஸ்டேட் லயத்தில் வளர்ந்த நமக்கு அது பழக்கம். கால் வளரும், தம்பிக்கும் ஆகும் என்று பெரிதாக வாங்கியே பழகிவிட்டோம். வேறு யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்திருப்பேன், வியாபாரம். உன்னிடம் முடியவில்லை.

"தரையில பெருசு சொகம். தண்ணியில அது வாளிடா. மண்ணு உள்ள போயி உரசும், உனக்குத் தெரியவும் தெரியாது."

நீ நம்பவில்லை. கடைக்குப் பின்னால் தண்ணீர் நிரப்பிய பெரிய பேசினில் உன்னை நிற்க வைத்தேன். பெரியது கழன்றது, உன் அளவு காலைக் கவ்விக்கொண்டது. அடி தடிப்பாக வேண்டும் என்றாய். தடித்தால் பலகை காலுக்குத் தெரியாது, மரத்த காலுக்கு மிச்சமிருக்கும் உணர்வும் போய்விடும் என்றேன். விரலையும் குதிகாலையும் மூடிய, வளையும் அடியுள்ள, கணுக்காலில் பட்டை வைத்த ஒன்றில் முடிந்தது.

உன் மனைவி சொன்னார்: "கரைக்கு வந்ததும் கால என்கிட்ட காட்டணும். காட்டலன்னா பலகைய பழைய சாமான் லோரியில ஏத்திடுவேன்."

காட்டினாய். மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உன் ஈரப் பாதத்தை மடியில் வைத்து அவர் தடவிப் பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன். சிரித்த இளவட்டங்களிடம், "சிரிங்க, சிரிங்க லா. உங்க கால யாரு பாக்குறா?" என்றாய்.

உன்னைக் கொண்டுபோனது நெஞ்சுவலி. கால் இரண்டும் கடைசிவரை முழுசாக இருந்தன. சப்பாத்துக்காரனுக்கு அது போதும், சின்ன வயசுக் கூட்டாளிக்குப் போதவில்லை.

இன்று மதியம் பூச்சோங்கிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கும் இனிப்புநீர், செராத்திங் கடல் அலையில் சறுக்கப் பழகுகிறாராம். "ஒரு சைஸ் பெருசா குடுங்க, பாஸ்."

விற்பதற்கல்ல என்று சொல்லி உன் சப்பாத்தைக் காட்டினேன். பிறகு பேசி முடித்தோம்: தண்ணீரில் நின்று பார்த்துத்தான் எடுப்பது, கழன்றால் நான் விற்பதில்லை, கரையேறியதும் வீட்டம்மாவிடம் காலைக் காட்டுவது. கடைசி நிபந்தனைக்கு மட்டும் தயங்கினார். அவர் மனைவியைப் போனில் கூப்பிடச் சொல்லி, அந்தம்மா சரி என்ற பிறகே பில் போட்டேன்.