மூழ்கிப் போதல் என்ற வினைச்சொல்

12 ஜனவரி 1953, லைடன்
நாங்கள் தொகுக்கும் டச்சு அகராதியில் இந்த மாதம் என் தலையில் விழுந்த சொல் ‘வெர்ட்ரிங்கன்’: மூழ்கிச் சாவது. இறந்தகாலம் ‘வெர்ட்ரோங்க்’. வேர், குடிப்பதைக் குறிக்கும் வினைதான். தண்ணீரைக் குடித்தே இல்லாமல் போவது. ஆள் மூழ்கினாலும் ஊர் மூழ்கினாலும் எங்களுக்கு இதே சொல். ஸேலாந்துத் தீவு ஒன்றில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் தங்கை மினாவுக்குக் கேள்வித்தாள் அனுப்பினேன். கடலைத் தடுக்கும் அணையோரம் வசிக்கும் ஹுப்ரெக்ட் கிழவரிடம் கேட்டு, இறந்தகாலம், நிகழ்காலம் என்று காலத்துக்கு ஒரு வாக்கியம், சீட்டுக்கு ஒன்றாக எழுத வேண்டும்.

19 ஜனவரி
சீட்டுகள் வந்தன. ‘கன்றுக்குட்டி மூழ்கிவிட்டது.’ ‘பேக்கரி மூழ்கிவிட்டது.’ ‘பள்ளிக்கூடம் மூழ்கிவிட்டது.’ எல்லாமே முடிந்த கதை. நிகழ்காலத்தில் ஒன்றுகூட இல்லை. எரிச்சலாக வருகிறது.

23 ஜனவரி
மினாவின் கடிதம். “‘மூழ்குது’ன்னு ஒண்ணு சொல்லுங்கன்னா, ‘முடிஞ்சதை எப்படிம்மா நடக்குதுன்னு சொல்றது’ங்கறார். பள்ளிக்கூடம் நல்லாத்தானே நிக்குதுன்னேன். என்னைப் பாவமாப் பாக்கறார். பயமா இருக்கு அக்கா. முப்பத்தொண்ணாம் தேதி உன்கிட்ட வந்துடட்டுமா?”

கடிதத்தை மடித்து வைத்தேன். அப்புறம் பென்சிலை எடுத்து, பள்ளிக்கூடச் சீட்டில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினேன். பதினேழு வருடப் பழக்கம்: விகுதி சரியா என்றுதான் பார்ப்பேன், வாக்கியம் என்ன சொல்கிறது என்று பார்க்க மாட்டேன். பதில் போட்டேன்: கிழவர் உன்னிடம் விளையாடுகிறார். நிகழ்காலம் கிடைக்காமல் வராதே.

31 ஜனவரி
பேய்க்காற்று. மினா வரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

1 பிப்ரவரி
வானொலியில் சொன்னார்கள். அணைகள் உடைந்துவிட்டன. தீவு முழுக்க —

3 பிப்ரவரி
தகவல் இல்லை. வராதேன்னு நான்தானே எழுதினேன். நான்தானே.

9 பிப்ரவரி
தப்பி வந்தவர்களைத் தங்கவைத்திருக்கும் கூடத்தில் ஹுப்ரெக்ட் இருந்தார். கையில் காபி, ஆறிப்போயிருந்தது. முதலில் கன்று, பிறகு பேக்கரி, பிறகு பள்ளிக்கூடம். சீட்டில் இருந்த அதே வரிசையில் போயினவாம். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் மினா அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். காற்றில் திரும்ப முடியவில்லை. இருவரும் மாடிக்கு ஏறியிருக்கிறார்கள்.

“தண்ணி படியில ஏறினப்பதான் எனக்கு வாயில வந்துது. ‘வீடு மூழ்குதும்மா’ன்னேன். உங்க தங்கச்சி சிரிச்சா. ‘இதைத்தான் அக்கா கேட்டா’ன்னு சீட்டு எடுக்கக் கீழ போனா.”

16 பிப்ரவரி
இந்தச் சொல்லை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றார் தலைமைப் பதிப்பாசிரியர், என் முகத்தைப் பார்க்காமல். வேண்டாம் என்றேன். நிகழ்காலத்துக்கு எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது.