ஒன்றரை விரல்

அன்பு மகள் முத்துமீனாவுக்கு அப்பா விருமாண்டி எழுதிக்கொள்வது. அந்தமானில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகந்தானே. இங்கே உன் அம்மா சுகம், ஆடு இரண்டும் சுகம், என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், அதனால்தான்.

போன மாசியில் எங்கள் சுமைதூக்குவோர் சங்கத்தில் புகையிலையை ஒழிப்பது என்று தீர்மானம் போட்டார்கள், வாயில் புற்றுநோய் வந்து வரிசையாக மூன்று பேர் போய்விட்டார்கள் அல்லவா. பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரு செட், ஒருத்தன் தப்புச் செய்தால் அந்த செட்டுக்கே லாரி கிடையாது, அது ரொம்ப நாள் வழக்கம். அதையே இதற்கும் வைத்துவிட்டார்கள். எவன் வாயில் புகையிலை இருந்தாலும் செட்டுக்கே ஒரு வாரம் வேலை இல்லை. எங்கள் செட்டுக்குக் காவல் யார் தெரியுமா, உன் அப்பன்தான். காலையில் ஒவ்வொருத்தன் மடியையும் தடவிப் பொட்டலத்தைப் பிடுங்கி டப்பாவில் போடுவேன். சங்கம் வைத்த வாய்ப் பரிசோதனை கேம்ப்புக்கு வந்த டாக்டரம்மா, மூன்று விரலை நெட்டுக்குத்தலாக வாய்க்குள் விட்டுப் பாருங்கள், போகவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றது. அதை மற்ற செட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். ஆனால் பிடுங்கின பொட்டலத்தில் தினமும் ஒன்றை நானே கன்னத்தில் அதக்கிக்கொண்டேன். முப்பது வருசப் பழக்கம், சனியன், விட்டுத் தொலைய மாட்டேன் என்கிறது.

திருவிழா முடிந்து மறு கேம்ப் வந்தபோது என் பெயர்ச் சீட்டை எங்கள் செட்டுக் கருத்தக்கண்ணனிடம் கொடுத்து, எனக்கும் சேர்த்து அவனையே வாயைக் காட்டச் சொன்னேன். அண்ணே, ஒரே ஆளு ரெண்டு தடவ வாயத் தொறந்தா கண்டுபிடிக்க மாட்டாகளாக்கும் என்று பயந்தான். ரெண்டு மேசை போட்டிருக்காக, அங்கிட்டு ஒருக்கா இங்கிட்டு ஒருக்கா போயிட்டு வாடா மாப்ள என்று நான்தான் தள்ளிவிட்டேன். என் சீட்டில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது வலது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு. ரசம் பட்டாலே எரிகிறது. வயசாயிருச்சுல்ல, நாக்கு ஒறப்பு தாங்கல என்று உன் அம்மா மிளகாயைக் குறைத்துவிட்டாள், பாவம். நேற்று விரலை விட்டுப் பார்த்தேன் மீனா. ஒன்றரைதான் போகிறது. வெளியே சொன்னால் பதினொரு பேர் வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியாது, கருத்தக்கண்ணனைச் சங்கத்தை விட்டே தூக்கிவிடுவார்கள், அவன் பெண்டாட்டிக்கு இது ஏழாம் மாதம். சொல்லாவிட்டால் நான் போய்ச் சேர வேண்டியதுதான். எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. பயமாக இருக்கிறது தாயி.

புகையிலையை ஒழித்த செட் என்று வெள்ளிக்கிழமை சங்கத்தில் எங்களுக்குப் பாராட்டு, சால்வை எல்லாம் உண்டு. மேடையில் ஏறி மூன்று விரலைச் செய்துகாட்டச் சொல்லி என் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள். வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. ஏறத்தான் போகிறேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, விரல் போகிற மட்டும் போகட்டும், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். சீட்டைப் பற்றிக் கேட்டால் குறை இல்லை என்று நானே எழுதிக்கொண்டேன் என்பேன், கருத்தக்கண்ணன் பெயர் வெளியே வராது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும், அம்மாவுக்கு நீ போன் போடு.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருசம் இருக்க வேண்டும். மாப்பிள்ளை பாக்குப் பொட்டலம் போடுகிறவர், இன்றைக்கே விரலை விட்டுப் பார்க்கச் சொல். பார்த்தேன் என்று சொன்னால் நம்பாதே, எதிரே நின்று நீயே பார்.

உன் அப்பன்,
விருமாண்டி