பேஸ்மென்ட் தோரணம்

அக்டோபர் 26, 1997, ஞாயிறு

சிநேகிதி வசந்தா பிரிட்ஜ்வாட்டரில் வாங்கிய பழைய வீட்டுக்கு இன்று கிரகப்பிரவேசம். அங்கிருந்து பெருமாள் கோயிலுக்கு நடந்தே போகலாம். பெருமாளிடம் நான் கேட்டதெல்லாம் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

மேலே புகைக்கு அலாரம் அடிக்குமென்று ஹோமத்தை பேஸ்மென்டில் வைத்தார்கள். அங்கே ஹீட்டிங் குழாய்மேல் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. வசந்தா அதில் மாவிலைத் தோரணம் கட்ட, அந்த வெள்ளைச் சுற்று மாவாக உதிர்ந்தது. உடனே துடைப்பத்தை எடுத்தாள்.

“பெருக்காதே வசந்தா! அது ஆஸ்பெஸ்டாஸா இருக்கும். முழுசா இருந்தா தொடாம விட்டுடலாம். இப்படி உதிர்ந்தா அதுக்கு ஃப்ரையபிள்னு பேரு, தூசு நெஞ்சுல தங்கிடும். லைசென்ஸ் இருக்கறவங்கதான் எடுக்கணும்” என்றேன். லைப்ரரியில் படித்தது.

“நல்ல நாளும் அதுவுமா ஏன்க்கா இப்படிச் சொல்றீங்க?” என்றாள். முகம் சுருங்கிப்போனது. குழந்தைகளை மேலே அனுப்பி, கதவைச் சாத்தி, ஹோமத்தை கார் நிறுத்தும் கராஜுக்கு மாற்றினார்கள்.

குழந்தைகள் ஓடுகிற இடம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவள் முகம் சுருங்கியபோது எனக்குள் ஜில்லென்று இருந்ததே, அதைப் பெருமாள் பார்த்திருப்பார். கிளம்பும்போது அவள் கண்கலங்கி, “நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும்க்கா” என்றாள்.

வீட்டுக்கு வந்து விளக்கின் முன் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். மனம் நிற்கவில்லை. அந்த கராஜே எங்கள் அபார்ட்மென்ட் ஹாலைவிடப் பெரியது.