பெண் பார்க்கும் சிந்து

கட்டுகஸ்தோட்டை
3.2.1934

என் அன்பான பளீல் நானாவுக்கு, தங்கச்சி றலியாவின் ஸலாம்.

இங்கே எல்லோரும் சுகம். மதினியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

நான் தபாலில் அனுப்பிய பாட்டுக் கொப்பி உங்களுக்குக் கிடைத்து ஒரு மாதமாகிறது. ஒரு வரி எழுத நேரமில்லையா? பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றி நான் கட்டிய நூற்று இருபது பாட்டும் அதில்தான் இருக்கின்றன. வேறு பிரதி கிடையாது. அச்சுக்கூடத்தில் காட்டுவதாகச் சொன்னீர்கள். சிரித்தார்களா?

மகள் ஜெஸீமாவுக்கு அக்குறணையில் ஓர் இடம் பேசுகிறோம்.

தங்கச்சி
றலியா


கொழும்பு, மருதானை
12.2.1934

அன்புள்ள தங்கச்சிக்கு, ஸலாம்.

அச்சுக்கூடக்காரர் சாஹுல் ஹமீது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளையின் மாமி தின்ன வைத்த வட்டிலாப்பத்தை முக்காட்டுக்குள் மறைக்கும் பாட்டை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். உடனே அச்சடிக்கலாம் என்கிறார்.

ஆனால் பெண்பிள்ளையின் பெயரை அட்டையில் போட முடியாது. என் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். நாற்பத்து நாலு வயதில், மகளைக் கட்டிக்கொடுக்கும் நேரத்தில், உனக்கு இந்தப் பெயர் எதற்கு?

நானா
பளீல்


கட்டுகஸ்தோட்டை
17.2.1934

நானாவுக்கு, ஸலாம்.

உங்கள் பெயர் வேண்டாம். நீங்கள் ஒரு நாளாவது பெண்ணாக மூலையில் உட்கார்ந்து, நடக்கச் சொன்னால் நடந்து, பாடச் சொன்னால் பாடிக் காட்டியிருக்கிறீர்களா? நான் காட்டியிருக்கிறேன், மூன்று தரம். அந்தப் பாட்டுக்களை எப்படி நீங்கள் எழுதினீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?

மாமியார் இருக்கும்வரை பொறுத்தேன். பிள்ளைகள் வளரும்வரை பொறுத்தேன். இனிப் பொறுக்க எனக்கு வயதில்லை. கொப்பியைத் திருப்பி அனுப்புங்கள்.

றலியா


மருதானை
24.2.1934

றலியாவுக்கு,

கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஜெஸீமாவின் கல்யாணம் முடியட்டும், பார்ப்போம். உன் நன்மைக்குத்தான் செய்கிறேன். அதையும் மீறி உன் பெயர் அச்சில் வந்தால், அந்தக் கல்யாணத்தில் மாமனாக வந்து நிற்க மாட்டேன்.

பளீல்


கட்டுகஸ்தோட்டை
9.8.1934

அன்புள்ள நானாவுக்கு, ஸலாம்.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுதும் அடுப்பு மூட்டாமல் இருந்தேன். கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், உங்கள் மச்சான், வாசித்துவிட்டு, “கொப்பி தானே நானாட அலுமாரில ஈக்கி? பாட்டு ஒங்கட தலேலதானே ஈக்கி?” என்றார்.

மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுததும் உட்கார்ந்தேன். இரண்டு மாதம் எழுதினேன். நூற்றுப் பதினொன்று நினைவுக்கு வந்தன. வராத ஒன்பதையும் புதிதாகக் கட்டினேன். பழையவற்றைவிட நன்றாக வந்தன. கண்டியில் அச்சாகிவிட்டது. அட்டையில் ‘மஹ்ரூப் மனைவி றலியா’ என்று போடவா என்று கேட்டார்கள். றலியா என்று மட்டும் போடச் சொன்னேன்.

அக்குறணைக்காரர் போன மாதம் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“இந்தப் பாட்டெல்லாம் கட்டினது நீங்கதானா?”

“ஓ, நான்தான்.”

“எங்களப் பத்தியா?”

“எழுதுற நேரம் ஒங்கள எனக்குத் தெரியாதே.”

கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மூன்றாம் நாள், வேண்டாமென்று ஆள் அனுப்பினார்கள். உங்களிடம் மறைப்பானேன், அன்று அழுதேன். பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். ஜெஸீமாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பாட்டுக்கே கோவிச்சிட்டுப் போறவங்க வீட்டுல நான் எப்படி உம்மா சிரிக்கிற? தேத்தண்ணிய வெச்சிட்டுப் போனதயும் பாட்டாக் கட்டுங்க” என்றாள்.

நீங்கள் பயந்ததுதான் நடந்தது, நானா. ஆனாலும் பெயரைப் போட்டதற்கு நான் வருந்தவில்லை. கொப்பி உங்களிடமே இருக்கட்டும். புத்தகம் ஒன்று இத்துடன் வருகிறது.

இரண்டாம் பாகம் தொடங்கிவிட்டேன். அதில் பெண்ணின் தாய்மாமனும் வருகிறார். கல்யாணத்துக்கு வருகிறாரா இல்லையா என்பதை இன்னும் எழுதவில்லை.

தங்கச்சி
றலியா