இருபத்தாறு சீட்

அக்கா, உங்கள் தாள் ஒன்று என் முன்னால் இருக்கிறது.

திங்கட்கிழமை டிப்போ ஆபீசில் பழைய வேபில் கட்டுகளை எடைக்குப் போட ஒதுக்கினார்கள். ஒவ்வொரு நடை முடிந்ததும் கண்டக்டர்கள் எழுதிக் கொடுத்த தாள்கள் அவை. இனி வைக்க இடமில்லையாம். பிரித்துப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்றாவது கட்டின் சணலை அவிழ்த்தபோது பூஞ்சை வாசனைக்கு நடுவே லேசாக யூக்கலிப்டஸ் தைலம் மணத்தது. இத்தனை நாள் கழித்தும் மணக்குமா, நானாகக் கற்பனை செய்துகொண்டேனா என்று தெரியாது. ஆனால் தாளைத் திருப்புவதற்கு முன்பே அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. குளிரில் விரல் விறைத்து டிக்கெட் மெஷினின் பட்டனை அழுத்த முடியவில்லை என்று தைலம் தேய்த்துக்கொண்டு வந்த கண்டக்டர் நீங்கள் ஒருவர்தான்.

பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள்: "நின்னவங்க 10." யாரும் கேட்காத கணக்கு அது. நான் மாதாமாதம் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பிய ஷீட்டில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. அப்போதெல்லாம் அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே தாளைக் கவிழ்த்துப்போடுவேன்.

உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போதுதான் எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு எழுதுகிற தைரியத்துக்கு என்ன மதிப்பு என்று நீங்கள் கேட்கலாம்.

எஸ்டேட்டின் மேல் டிவிஷனிலிருந்து காலை 6.40க்குப் புறப்பட்டு ஏலப்பாறைக்கு இறங்கும் நம் வண்டியை நினைத்துக்கொள்கிறேன். கொழுந்து பறிக்கக் கீழ் எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், டிப்போவுக்குப் போகும் நான். நீங்கள் எண்ணும் விதத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நின்றவர்களின் முகத்தைப் பார்க்காமல் மேலே கம்பியைப் பார்த்து எண்ணினீர்கள்.

"தலய எண்ணுனா குனிஞ்சுக்கிடும்ட்டி. கைய எண்ணு. ஒவ்வொருத்திக்கும் ஒரு கையில தூக்குவாளி இருக்கு. மிச்சம் ஒத்தக் கைதான கம்பிக்கு வரும்" என்றீர்கள்.

அதன் பிறகு நானும் பார்த்தேன். உண்மைதான். ஒரு கை என்றால் ஓர் ஆள். இருட்டாக இருந்தாலும், வளைவில் எல்லோரும் ஒரு பக்கம் சரிந்தாலும் உங்கள் கணக்கு பிசகவில்லை. என் கையும் அந்தக் கைகளில் ஒன்று. ஒப்பந்த ஊழியருக்குப் பாஸ் கிடையாது என்பதால் எனக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுப்பீர்கள். "ஆபீசர் அம்மாவுக்கு ஒண்ணு" என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி சொல்லிக் கொடுப்பீர்கள்.

இந்த ஆபீசர் அம்மாவின் வேலை இவ்வளவுதான்: உங்கள் தாளில் உள்ள எண்களைக் கம்ப்யூட்டரில் ஒரு ஷீட்டில் ஏற்றி மாதக் கடைசியில் ஜில்லா ஆபீசுக்கு அனுப்புவது. எந்த நடை, எத்தனை டிக்கெட், வண்டியில் எத்தனை சீட். இவற்றைப் போட்டால் நூற்றுக்கு எவ்வளவு நிரம்பியது என்பதை அதுவே போட்டுக்கொள்ளும். எழுபதுக்குக் கீழே போனால் கட்டம் சிவப்பாகிவிடும். முதல் மாதம் சீட் கட்டத்தில் 52 என்று அடித்தேன். கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மாதம் முழுக்க 52 நிரம்பிவிடுகிறது என்று கண்டுபிடித்த நாளில் உங்களிடமே வந்து பெருமையடித்தேன். "கை வலிக்காத வேல கெடச்சிருக்கு ஒனக்கு" என்று சிரித்தீர்கள்.

அடுத்த மாதம் அதே ஷீட்டை நகல் எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினேன். அதற்கடுத்த மாதமும் அப்படியே. இதற்கு நடுவில், உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீள வண்டி கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் இடித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. அதற்குப் பதிலாக நீளம் குறைந்த கட்டை வண்டி வந்தது. இருபத்தாறு சீட். தினமும் அதில்தான் ஏறினேன். இடம் கிடைக்காமல் நின்றேன், முழங்கை இடித்தது என்று சண்டைகூடப் போட்டேன். ஆபீசுக்குப் போய் உட்கார்ந்து ஐம்பத்திரண்டை இழுத்துவிட்டேன். ஷீட்டில் மட்டும் நீள வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

முப்பத்தாறு பேர் ஏறிய வண்டி சிவப்பாக வந்தது. எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. சிவப்பு வரிகளைத் தனியாகப் பட்டியல் போட்டு அனுப்பினேன். நன்றாகச் செய்திருக்கிறாய் என்று மேலேயிருந்து பாராட்டு வந்தது. அதைக் கேட்டு உச்சி குளிர்ந்தவள் நான்.

6.40ஐ நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் நீங்கள் நேராக என் மேஜைக்கு வந்தீர்கள். தோளில் பை தொங்கியபடி நின்றீர்கள்.

"ஏட்டி, நம்ம வண்டி காலியா ஓடுதுன்னு எழுதியிருக்காவளாமே. நீயுந்தான தெனமும் வாரே? காலியாவா ஓடுது?"

"எனக்கென்னக்கா தெரியும்? நம்பரப் போட்டா மிச்சத்தக் கம்ப்யூட்டரே போட்டுக்கிடுது."

"அது என்னிக்கு நம்ம வண்டியில ஏறுச்சு?"

ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நீங்கள் விடவில்லை. ஆட்கள் நின்றுகொண்டு வருகிறார்கள், நிறுத்தக் கூடாது என்று டிப்போ சூப்பரண்டிடம் சொன்னீர்கள். அவர் அதை அப்படியே மேலே எழுதிவிட்டார். மேலே இருந்தவர்களிடம் வண்டி இல்லை, ஷீட்தான் இருந்தது. ஆட்கள் நிற்கிற கூட்டம் என்றால் நூற்றுக்கு நூறைத் தாண்டியிருக்க வேண்டுமே, எழுபதுகூட இல்லையே. அப்படியானால் டிக்கெட் கொடுக்காமல் உன் எஸ்டேட் லயத்து வீடுகளின் ஆட்களை ஏற்றினாயா என்று உங்களுக்கு மெமோ வந்தது. வண்டியை நிறுத்தாதே என்று சொல்லப் போனவரைக் குற்றவாளி ஆக்கினார்கள். ஆக்கியது அவர்கள் அல்ல, நான் இழுத்த ஐம்பத்திரண்டு.

"விசதீகரணம் கேட்டிருக்காவட்டி" என்று, விளக்கம் கேட்டு மலையாளத்தில் வந்த மெமோவை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். மலையாளம் சரளமாகப் பேசுவீர்கள், போர்டு படிப்பீர்கள். கேரளாவில் இருந்தாலும் எஸ்டேட்டின் தமிழ்ப் பள்ளியில் படித்தவருக்கு ஆபீஸ் மலையாளத்தில் எழுத வராது. எழுதிக்கொடுக்க என்னைவிட்டால் யார்? "நாளைக்கு எழுதலாம்க்கா" என்றேன். பதிலில் சேர்க்க எண்கள் எடுக்கலாம் என்று அன்று மதியம் ஷீட்டைத் திறந்தேன். வரிசையாக மேலிருந்து கீழ்வரை 52, 52, 52. அன்று காலைதான் ஆறு மாத வயிற்றோடு நிற்கிறேன் என்று உங்கள் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, பதினெட்டு வளைவும் நின்றுகொண்டே வந்திருந்தீர்கள். எண் எதையும் எடுக்காமல் ஷீட்டை மூடினேன்.

அந்தக் கணம் எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரத்தில் சூப்பரண்டு இருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை, அந்த மாதம்தான் புதுப்பிக்கும் மாதம். அதை நினைத்தேன். அவ்வளவுதான், இதற்கு மேல் எனக்குச் சமாதானம் இல்லை.

மறுநாள் ஓய்வறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"எழுதுட்டி. நான் ஒருத்தரையும் விடல. கம்பியில கைய எண்ணித்தான் டிக்கெட் குடுத்தேன். சந்தேகம்னா ஒரு நா வந்து வண்டியில ஏறிப் பாக்கட்டும்."

வந்து ஏறிப் பார்த்தால் சீட்டை எண்ணிவிடுவார்கள். அதனால் நான் மலையாளத்தில் எழுதியது இது: கூட்ட நேரத்தில் சிலர் விடுபட்டுப் போயிருக்கலாம், இனிமேல் கவனமாக இருப்பேன், மன்னிக்க வேண்டும். எழுதி முடித்ததும் "வாசிச்சுக் காட்டு" என்றீர்கள். தாளைப் பார்த்துக்கொண்டே நீங்கள் சொன்னதையெல்லாம் தமிழில் சொன்னேன், கம்பியும் கையும் உட்பட. "நல்லா எழுதியிருக்கட்டி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

இதை எழுதும்போது கை கூசுகிறது அக்கா. கூசட்டும்.

எச்சரிக்கையோடு மெமோவை முடித்தார்கள். என் வேலை புதுப்பிக்கப்பட்டது. 6.40 நின்றது. மேல் டிவிஷன் பெண்கள் தூக்குவாளியோடு கீழ் ரோடு வரை நடந்தார்கள். பிள்ளை பிறந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகு நானும் அவர்களோடு நடந்தேன். யாராவது அந்த வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் பின்தங்கிவிடுவேன்.

உங்களை வேறு ரூட்டில் போட்டார்கள். ஒருநாள் அந்த ரூட் வண்டியில் ஏறினேன். நீங்கள் என்னைக் கவனிக்கவில்லை. கம்பியில் இருந்த கைகளை ஒருமுறை எண்ணினீர்கள். திரும்பிவந்து ஒவ்வொரு கையையும் விரலால் தொட்டு இன்னொருமுறை எண்ணினீர்கள். ஒரு பெண் "என்ன கண்டக்டரம்மா, நாங்க என்ன ஆட்டுக்குட்டியா?" என்று கேட்டாள். பழைய அக்காவாக இருந்தால் அவளுக்குச் சரியாகத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். அன்று அடுத்த கையைத்தான் தொட்டீர்கள்.

இறங்கியதும் ஸ்டாண்டு டீக்கடையில் எனக்கும் ஒரு டீ சொன்னீர்கள். டீயைக் குடிக்காமல் கேட்டீர்கள்:

"ஏட்டி, நெசத்தச் சொல்லு. நான் யாரையாச்சும் விட்டுட்டனாட்டி? எனக்கு வயசாவுதோ என்னமோ. இப்பல்லாம் எண்ணி முடிச்சாலும் நம்பிக்க வர மாட்டேங்குது."

"விடுங்கக்கா, முடிஞ்சுபோன கத" என்றேன். அதோடு நீங்கள் வாங்கிக்கொடுத்த டீயையும் குடித்தேன்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று உங்களைக் கொண்டுபோனார்கள், திரும்பக் கொண்டுவந்தபோது நீங்கள் இல்லை. லயத்து வாசலில் எல்லோருக்கும் பின்னால் நின்றேன். முன்னால் வரச் சொன்னார்கள், "உனக்கு அவ்வளவு பழக்கமாச்சே" என்றார்கள். வரவில்லை.

திங்கட்கிழமை இந்தத் தாள் கிடைத்த பிறகு பழைய ஷீட்டைத் தேடித் திறந்தேன். 52ஐ அழித்து 26 என்று அடித்தேன். சிவப்பு போய்விட்டது. நூற்று முப்பத்தெட்டு என்று வந்தது. அதை அச்செடுத்து, நடந்ததையெல்லாம், அந்த விளக்கக் கடிதம் உட்பட, என் பெயர் போட்டு எழுதிச் சூப்பரண்டிடம் கொடுத்தேன். அந்தம்மாதான் போய்விட்டார்களே, இனி இதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று அவர் மலையாளத்தில் அலுத்துக்கொண்டார். பதிவேட்டில் தபால் நம்பர் போட்டு அவர் வாங்கிக்கொள்ளும் வரை மேஜையைவிட்டு நகரவில்லை. வண்டி திரும்ப வருமா, என் வேலை இருக்குமா என்று தெரியாது. இதை நான் வீரமாகச் சொல்லவில்லை. நீங்கள் இருந்தபோது இதே மேஜை இதே இடத்தில்தான் இருந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் வீட்டுக்கார அண்ணன் ஃபேக்டரியிலிருந்து வந்து, கையில் தேயிலைத் தூசியோடு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

"அப்போ அவ எண்ணுனது சரிதானா?" என்றார்.

"சரிதான் அண்ணே."

"சாவுற வரைக்கும் அத நெனச்சுக்கிட்டுதான் கெடந்தா. ஆஸ்பத்திரிக்குப் போற வண்டியிலயும் கேட்டா. எங்கிட்ட சொல்லி என்ன தாயி? அவகிட்டல்ல சொல்லியிருக்கணும்."

அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் முதலில் சீட்டை எண்ணுகிறேன், பிறகு கம்பியைப் பார்த்துக் கைகளை எண்ணுகிறேன். உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான், அதை எனக்கு நீங்கள் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளக்கூட வெட்கமாக இருக்கிறது. டீக்கடையில் நீங்கள் கேட்டதற்கு இதோ பதில். சீட் இருபத்தாறு. கம்பியில் கை பத்து, அதில் ஒன்று என்னுடையது. டிக்கெட் முப்பத்தாறு.

நீங்கள் யாரையும் விடவில்லை அக்கா.