வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

நவம்பர் 29, சனி

காலையிலிருந்து தூறல். துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு. ஏற்றியவர்களைத் தவிர யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.

வகுப்பு பத்து மணிக்கு. பத்து மணிக்கு வந்தவர்: நான். பிறகு ஒவ்வொன்றாக ஒன்பது பிள்ளைகளும். இன்றைய பாடம், ஜெர்மானியரின் நேரம் தவறாமை. "உப்பு லாரி குறுக்க நின்னுட்டு டீச்சர்" என்றான் காயல்பட்டினத்திலிருந்து வரும் யூசுப். ஜெர்மனில் சொல் என்றேன். லாரி தெரிந்திருந்தது. உப்பும் தெரிந்திருந்தது. 'மன்னிக்கவும்' மட்டும் தெரியவில்லை.

எதற்கு ஜெர்மன் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். எட்டுப் பேர்: "அங்க போய் மாஸ்டர்ஸ் பண்ண." இருப்பதில் மூத்தவளுக்கே வயது பதினொன்று. மிச்சம் தர்ஷினி. வீட்டில் செருப்புக்கடை. "இங்க வரலைன்னா அம்மா கடையில உக்காரச் சொல்லுவா டீச்சர்." வகுப்பிலேயே நேர்மையான பதில்.

முடிந்ததும் செல்வகுமார் அண்ணாச்சி கூப்பிட்டார். கோச்சிங் சென்டர் அவருடையது. மாடி அறையை வார இறுதியில் எனக்கு விடுகிறார்.

"தப்பா நினைக்காதிய டீச்சர். பிள்ளைய கொறஞ்சுக்கிட்டே வருது. இன்னும் ஒண்ணு நின்னாலும் ஜனவரில இருந்து ரூம அபாகஸுக்கு விட்டுருவேன்."

"அதற்கு அவ்வளவு பேரா?"

"கணக்கு வேண்டாம்னு எந்தத் தாய் தகப்பனும் சொல்ல மாட்டாவல்லா."

தப்பாக நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பும்போதுதான் நினைத்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை நான் பேசும் ஆட்கள்: பால்காரர். கேஸ் கொண்டுவருகிறவர், சிலிண்டர் தீர்ந்தால். சமையலறைப் பல்லி.

நவம்பர் 30, ஞாயிறு

வெயில். கொடியில் துணி.

பிள்ளைகளைப் பிடித்து வைக்க ஒரு யோசனை: பண்பாட்டு வகுப்பு. டிசம்பர் ஆறு, நிக்கோலஸ் நாள். முந்தின இரவு ஜெர்மன் குழந்தைகள் காலணியைத் துடைத்து வாசலில் வைப்பார்கள். நிக்கோலஸ் தாத்தா வந்து ஆரஞ்சு, அக்ரூட், சாக்லேட் போட்டுவிட்டுப் போவார். சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவர் நம் மாடிக்கும் வருகிறார் என்றும் சொன்னேன்.

"நாம டெய்லி வாசல்லதான போடுதோம், டெய்லி வருவாரா?" என்றாள் தர்ஷினி.

நியாயம். அங்கே வருடத்தில் ஓர் இரவு செய்கிற ஏற்பாட்டை இந்த ஊர் தினமும் செய்து வைத்திருக்கிறது. அவருக்குத்தான் தகவல் போகவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை. வெளியே போகவில்லை.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் காலை ஆறு மணிக்கு தர்ஷினியின் அம்மா முத்துச்செல்வியின் குரல்: "டீச்சர், பிள்ளைய செருப்புக்குள்ள திங்கிற சாமான் வைக்கப் போறியளாம். நெசமா?" அதன்பின் இரண்டு பேர் கும்பிடும் கை. ஒருவர் கோபமுகம். ஒருவர் தவறுதலாக 'இனிய காலை வணக்கம்', ரோஜாவுடன். யூசுபின் வாப்பா துபாயிலிருந்து: "அந்த மிட்டாயில ஜெலட்டின் இருக்கா? ஹலாலா?" செருப்பு பற்றி அவருக்கு ஆட்சேபம் இல்லை.

இருபது வருடம் ஜெர்மனியில் இருந்தவள் செய்கிற தவறு. இந்த ஊரில் பிறந்தவள் செய்யக்கூடாதது.

டிசம்பர் 3, புதன்

சமாதானம் பேச செருப்புக்கடைக்குப் போனேன். முத்துச்செல்வி (இனி மு.செ.) கல்லாவில். பக்கத்தில் அடுக்கிய ஷூ பெட்டிகள், அவற்றின்மேல் தட்டில் முறுக்கு.

"அங்கே அது வழக்கம்" என்றேன்.

"இருக்கட்டும். காலுல மிதிச்சதுல போயி பண்டத்த வைப்பாவளா? அந்தத் தாத்தாவுக்கு ஒரு தட்டு கெடைக்கலியாக்கும்? டிபன் பாக்ஸுல வைங்களேன்."

"டிபன் பாக்ஸில் வைத்தால் அது மதியச் சாப்பாடு."

அவள் சிரிக்கவில்லை. முறுக்குத் தட்டைக் காட்டினேன். "இது மட்டும் செருப்புப் பெட்டி மேல் இருக்கிறதே?"

"அது புதுசுல்லா. கடையில இருக்க வரைக்கும் சரக்கு டீச்சர். காலு பட்டாத்தான் செருப்பு."

நான் படித்த எந்தத் தத்துவ நூலிலும் இவ்வளவு தெளிவான வாக்கியம் கிடையாது.

"பிள்ளைய இனிமே அனுப்பல. மனசுல வச்சுக்கிடாதிய" என்றாள். அதே மூச்சில், "உங்க செருப்பு வார் அந்துருக்கே, புதுசு பாக்கியளா?"

வாங்கினேன். டாக்டர் செருப்பு. கடிக்கிறது.

திரும்பி நடக்கும்போது மனதுக்குள் எண்ணினேன், எட்டு. ஒன்பது இருந்தால் ஜெர்மன், எட்டு என்றால் அபாகஸ். பிள்ளைகள் இனி மணி நகர்த்தி இதையே கணக்குப் போடலாம்.

டிசம்பர் 4, வியாழன்

குரூப்பில் போட்டேன்: நிக்கோலஸ் வரமாட்டார். காரணம் வானிலை.

ஒரு மணி நேரத்தில் ஏழு கட்டைவிரல்கள். இவ்வளவு ஒருமித்த ஆதரவு எனக்கு எந்த விஷயத்திலும் கிடைத்ததில்லை.

வாங்கிய ஆரஞ்சு மேசையில். தினம் ஒன்று தின்றால் அடுத்த வாரம் முழுக்க வரும்.

டிசம்பர் 5, வெள்ளி

வாடைக்காற்று. ஜன்னல் கொக்கி இரவெல்லாம் அடித்துக்கொண்டது.

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் வீட்டுக்காரரின் பனிக்கால பூட்ஸ். அவர் போன பிறகு ஹாம்பர்க் வீட்டைக் காலி செய்தபோது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். பனியே விழாத ஊருக்கு இதை மட்டும் தூக்கி வந்தேன். விமானத்தில் எடை அதிகம் என்றார்கள். அப்போதும்.

அங்கே போன முதல் வருடம். நாங்கள் ஊர்ப் பழக்கத்தில் பூட்ஸைக் கதவுக்கு வெளியேதான் கழற்றிப் போடுவோம். ஒரு நாள் விடிந்ததும் அவர் காலை விட்டால் உள்ளே ஆரஞ்சு. இரண்டு அக்ரூட். முகம் சிவந்துவிட்டது. "காலில் போடுவதிலா? நம்மைக் கேலி பண்ணுகிறார்கள்." புகார் எழுத உட்கார்ந்தார். அதற்குள் எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்தாள். வெளியே பூட்ஸைப் பார்த்து, நாங்களும் நிக்கோலஸுக்குக் காத்திருக்கிறோம் என்று நினைத்து அவள்தான் போட்டாளாம். அந்த நாட்டில் எங்களிடம் முதலில் பேசியவள் அவள்.

அன்று ஆரஞ்சை உரித்து எனக்குக் கொடுத்தார். அவர் தின்னவில்லை. அடுத்த வருடம் தின்றார். அதற்கடுத்த வருடம் நான்காம் தேதியே துடைத்து வைத்துவிட்டார்.

நாளை பூட்ஸை எடுத்துப் போகிறேன். காட்டுவதற்கு மட்டும்.

டிசம்பர் 6, சனி

மழை விட்டிருந்தது. மாடிப்படியில் பிள்ளைகளின் ரப்பர் செருப்புகள். (கவனித்தது: இந்தச் செருப்பில் ஓர் அக்ரூட்கூட நிற்காது. நிக்கோலஸ் வந்திருந்தாலும் சிரமப்பட்டிருப்பார்.) வரிசைக் கடைசியில் அவருடைய பூட்ஸை வைத்தேன். எட்டுப் பிள்ளைகள்.

பத்தே காலுக்கு ஆட்டோ சத்தம். தர்ஷினி, பின்னால் மு.செ., இரண்டு கட்டைப்பை.

"சரக்குல வைக்கலாம்னு அம்மா சொல்லிட்டா டீச்சர்!"

ஒன்பது பெட்டி. ஒன்பது ஜோடி புது ஷூ. மு.செ. பெஞ்சில் பிரித்து அடுக்கினாள். "ஏளா, தொடாத. யாரும் காலுல மாட்டப்படாது. முடிஞ்சதும் பெட்டியோட எனக்குத் திரும்பி வந்துரணும். டீச்சர், ஆரஞ்ச நல்லா தொடச்சு வைங்க, கறை புடிச்சா விக்காது."

வீட்டுக்கு ஓடிப்போய் ஆரஞ்சு எடுத்து வந்தேன். (வியாழக்கிழமை தின்றதற்கு வருந்தினேன்.) பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவரும் உண்மையில் மூடவில்லை. ஜெலட்டின் மிட்டாய் இல்லை, யூசுபின் வாப்பாவுக்காகக் கடலைமிட்டாய். மு.செ. வகுப்பு முடியும்வரை பின்பெஞ்சில் உட்கார்ந்து சரக்கைக் காத்தாள். கூட்டிப்போக வந்த பெற்றோரிடம் மூன்று ஜோடி அங்கேயே விற்றாள்.

"வருசா வருசம் உண்டா டீச்சர் இது?"

"உண்டு."

"அப்ப முன்னாடியே சொல்லிருங்க. சின்ன சைஸ் கூடப் போடுவேன்."

தர்ஷினி வகுப்பை விட்டு நிற்கவில்லை. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, தலையை எண்ணிவிட்டு இறங்கிப் போனார். ஜனவரியும் அறை எனக்குத்தான்.

படியிறங்கும்போது மு.செ. பூட்ஸைப் பார்த்து நின்றாள். "இது யாருக்குள்ளது?"

"என் வீட்டுக்காரருடையது."

"அவிய..."

"இல்லை."

ம், என்றாள். நான் அறையைப் பூட்டப் போனேன். திரும்பி வந்தபோது ஆட்டோ போய்விட்டது.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்றும் ஒன்பது பேர். வினைச்சொற்கள். யாருக்கும் பிடிக்கவில்லை. நல்ல வகுப்பு.

சாயங்காலம் பூட்ஸைப் பெட்டியில் வைக்க எடுத்தேன். வலது பூட்ஸிலிருந்து எறும்பு வரிசை. கையை விட்டேன். புது ஷூவுக்குள் திணித்து வருமே, அந்த மெல்லிய வெள்ளைத் தாள். சுருட்டிய பொட்டலம். உள்ளே ஒரு முந்திரி மக்ரூன், நுனி கொஞ்சம் உடைந்து.

தாயா மகளா தெரியாது. கேட்கப் போவதில்லை. கால் பட்ட பூட்ஸ். இப்போது இல்லாத கால்.

எறும்பைத் தட்டிவிட்டு நின்றுகொண்டே தின்றேன்.

பூட்ஸைப் பெட்டியில் வைக்கவில்லை. வாசலில், என் செருப்புக்குப் பக்கத்தில். மழை வந்தால் எடுக்க வேண்டும்.