அவர்கள் நல்ல பொண்ணுங்க இல்லை, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போன வாரம் போனில், "டிவியில பார்த்தேன்டி, இப்பல்லாம் உன்னை யாருமே இடிக்கறதில்ல, நல்ல பொண்ணுங்க" என்று சந்தோஷப்பட்டீர்களே, எதிரணிப் பொண்ணுங்க நல்லவர்கள் என்பதால் இல்லை, அம்மா. எதிரணிக் கோச் கோட்டோரம் நின்று, "அவளை விடுங்க, அவளுக்குப் பாஸ் பண்ணத் தெரியாது!" என்று கத்துகிறார். அதனால்தான் காலில் பந்தோடு மைதானத்தின் நடுவில் தனியாக நிற்கிறேன். அரங்கம் நிறைய ஆள், என் பக்கத்தில் ஒருத்தியும் இல்லை.

எனக்கா தெரியாது? எங்கள் கோச்தான், "நடுக்களத்துல தடுத்து ஆடுறவளுக்கு நீளப் பாஸ் எதுக்கு? பந்தைப் பிடுங்கு, பக்கத்துல இருக்கறவகிட்ட குடு, போதும்" என்று என்னைக் கட்டிப்போட்டிருக்கிறார். பெரிய கிளப்பாம், பெரிய மூளையாம்!

நேற்று ஆட்டத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. பந்தைப் பிடுங்கினேன், தலையைத் தூக்கிப் பார்த்தேன், மூன்று பேரைத் தாண்டி நீளமாக ஒரு பாஸ் அடித்தேன். கோல்! எங்கள் கோச் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

அடுத்த பார்சலில் வலித் தைலமும், நீங்கள் எனக்கு ஒத்தடம் கொடுப்பீர்களே, அந்தப் பழைய துணியும் வையுங்கள். புதுத் துணி வேண்டாம், அதுவேதான் வேண்டும்.

பயிற்சிக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. கணுக்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, கவலைப்படாதீர்கள். அந்தக் கோலுக்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை இரண்டு பேர் என்னை விடாமல் இடித்தார்கள், அம்மா.

உங்கள் மகள்